பாவனை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
"பெண்கள் பாவனைக்கு மட்டும்" என்றொரு பலகை.
மதுரையிலிருந்து வந்திருந்த சிநேகிதி
அதை வாசித்துவிட்டுக்
கைப்பையைக் கீழே வைத்துச் சிரித்தாள்.
"பெண்ணா பாவனை பண்றவங்களுக்கு மட்டுமா?"
எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது.
எங்களுக்கு அது புழங்குகிற சொல், புழங்குவதற்கான சொல்.
சவர்க்காரத்தை, சைக்கிளை, தண்ணீரைப் பாவிக்கிறோம்.
மருந்துப் போத்தலின் அடியில்
பாவனை முடியும் திகதி அச்சடித்திருக்கும்.
"அப்ப நடிக்கிறதை என்னன்னு சொல்வீங்க?"
"பம்மாத்து" என்றேன்.
அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.
என் வேலை என்னவென்று அவளுக்குச் சொல்லவில்லை.

கோண்டாவிலில், ஒழுங்கை முடிகிற இடத்தில்,
பேர்ணில் இருக்கும் குகநேசனுடைய வீட்டில்
ஆள் இருப்பதாகக் காட்டுவது என் வேலை.
மாதம் பன்னிரண்டாயிரம்.
ஆறரைக்கு விறாந்தை லைற்.
ஏழு மணிக்கு ரீவியில் செய்தி,
படலைக்குக் கேட்கிற அளவு.
வாசலில் ஆண் செருப்பு ஒரு சோடி,
கிழமைக்கு ஒருதரம் திசை மாற்றி வைக்கவேண்டும்.
கொடியில் ஒரு சாரம்.
காய்ந்த சாரத்தை ஆரும் நம்பமாட்டார்களென்று
நாள்தோறும் கிணற்றடியில் நனைத்துப் பிழிந்து போடுவேன்.
ஒருவரும் உடுக்காத சாரம்
தோய்த்துத் தோய்த்தே நைந்துபோனது.
இருமவும் சொல்லியிருந்தார்.
தொண்டையைக் கொஞ்சம் இறக்கி, ஆம்பிளையாக இருமுவேன்.
ஒன்பது மணிக்குப் பூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு.
தம்பி பெண்சாதி கதவு திறக்க எடுக்கும் நேரத்தில்
ஒரு முழுச் செய்தியறிக்கையை வாசித்து முடிக்கலாம்.

மீற்றர் பார்க்கப் புதிதாக வந்த நிக்சன்
"பாவனை எட்டு அலகு" என்று எழுதித் தந்தான்.
தந்துவிட்டுப் போகாமல் நின்றான்.
"அக்கா, எட்டு அலகிலை ஒருத்தரும் சீவிக்கேலாது.
இந்த ஒழுங்கையிலை உங்கடையோடை ஆறு வீடு எட்டு.
ஒரு வீடு ஏழு.
எல்லா வீட்டிலையும் ஆறரைக்கு லைற் எரியுது."

எதிர்வீட்டு வெளிச்சத்தை
நாலு வருஷமாகத் துணையென்று நினைத்திருந்தேன்.
ஒருமுறை கைகூட அசைத்திருக்கிறேன்.

"அப்ப கள்ளர்?"
"அவங்களும் வெளிநாடு போயிட்டாங்கள் அக்கா."

பள்ளிக்கூடத்தில், சைவசமயப் பாடத்தில்,
கருட பாவனை என்று ஒன்று வரும்.
விஷம் இறக்குகிறவன் தன்னைக் கருடனாகப் பாவிப்பான்.
சிறகு கிடையாது.
அலகு, எட்டு என்ன, ஒன்றுகூடக் கிடையாது.
ஆனாலும் விஷம் இறங்கும்.
இறங்கிய பிறகு அவன் வீட்டுக்கு எப்படிப் போனான்,
நடந்தா, பறந்தா என்று
சோதனையில் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள்
அங்கேயே தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்தேன்.
பிறகு ஒருநாள் பிட்டு.
பிறகு பாய்.
பிறகு அந்தச் சாரத்தை எடுத்து நானே போர்த்துக்கொண்டேன்,
அது முழுக்கக் காயவில்லை.
இருமல் உண்மையாகவே பிடித்தது.

எதிர்வீட்டுப் படலையைத் தட்டிப் பார்த்தேன்.
உள்ளே ரீவியில் அதே செய்தி.
மீசை அரும்பின பொடியன் ஒருவன் எட்டிப்பார்த்து
"வீட்டிலை ஆக்கள் இருக்கினம்" என்றான்,
பாடமாக்கினதை ஒப்புவிப்பதுபோல.
"அங்கையும் இருக்கினம்" என்றேன்.

கார்த்திகை பில் முப்பத்தொன்று.
குகநேசன் எடுத்தார்.
அந்தப் பக்கம் பனி வழிக்கிற சத்தம்.
"என்ன பிள்ளை, பாவனை கூடிப்போச்சு.
கொஞ்சம் குறையுங்கோ."
"ஓம்" என்றேன்.

லைற்றை நூத்தேன். ரீவியை நிப்பாட்டினேன்.
செருப்பை உள்ளுக்கு எடுத்தேன்.
விறாந்தை இருட்டில் காலை மடக்கி
ஆளில்லாத வீடுமாதிரி இருந்தேன்.

படலையடியில் அந்தப் பொடியனின் குரல்.
"அக்கா, ஆக்கள் இருக்கினமோ?"

அடக்கித்தான் பார்த்தேன்.
இருமல் வந்துவிட்டது.